டெம்பி 2018, சான் பிரான்சிஸ்கோ 2023: பொறுப்பு யார் தலையில்?

2018 மார்ச், அரிசோனாவின் டெம்பி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் மீது ஊபரின் தானே ஓடும் சோதனைக் கார் மோதியது, அவர் இறந்துவிட்டார். 5.6 வினாடிகளுக்கு முன்பே ரேடார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் வண்டியா, சைக்கிளா, வேறு ஏதாவதா என்று மென்பொருள் மாற்றி மாற்றி முடிவெடுத்தது. கடக்குமிடம் அல்லாத இடத்திலும் ஆட்கள் குறுக்கே வருவார்கள் என்பதையே அது கணக்கில் வைக்கவில்லை. ஊபர் சோதனைக்கு எடுத்த அந்த வால்வோ காரின் சொந்த அவசர பிரேக்கையும் அணைத்து வைத்திருந்தார்கள். அப்படியும் குற்ற வழக்கு, ஸ்டீயரிங் முன்னால் போனைப் பார்த்துக்கொண்டிருந்த பாதுகாப்பு ஓட்டுநர் (சோதனையைக் கண்காணித்து, தேவைப்பட்டால் வண்டியைக் கையில் எடுக்க வேண்டியவர்) மேல் மட்டும்தான். இது எனக்கு அநியாயமாகவே படுகிறது. அவர் கவனக்குறைவாக இருந்தது தப்புதான். அந்த பிரேக்கை அணைக்க முடிவெடுத்தது அவரா?

2023 அக்டோபர், சான் பிரான்சிஸ்கோ. மனிதர் ஓட்டிய கார் ஒரு பெண்ணை இடித்து, குரூஸ் நிறுவனத்தின் ரோபோடாக்ஸி, அதாவது தானே ஓடும் வாடகைக் காரின் முன்னால் தள்ளியது. அது மோதி நின்றது. அப்புறம் ஓரங்கட்டப் பார்த்து, அடியில் சிக்கியவரைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. உள்ளே ஓட்டுநரே இல்லை. அதனால் கேள்வி நேராக நிறுவனத்திடம் போனது. மூன்றே வாரத்தில் கலிபோர்னியா மாநிலம் குரூஸின் அனுமதியை நிறுத்தியது. பொறுப்பு விஷயத்தில் இதுதான் சரியான வழி. ஆனால் பிறகு விதித்த 5 லட்சம் டாலர் குற்ற அபராதம், இழுத்துச் சென்றதை அறிக்கையில் மறைத்ததற்குத்தான், இழுத்ததற்கு அல்ல.