ரூபாய் வைரமாக மாறிய பிறகு: விளையாட்டுக் கடைகளில் பல ஆண்டு அனுபவம்

கைபேசியிலும் கணினியிலும் பல ஆண்டுகளாக விளையாடி வருகிறேன். விளையாட்டுக்குள் பணம் செலவழிக்க எனக்குத் தயக்கம் இல்லை. இலவசமாகத் தரவிறக்கிய ஒரு விளையாட்டு மாதக்கணக்கில் மகிழ்ச்சி தருகிறது என்றால், அதை உருவாக்கியவர்களுக்கு நம் கையிலிருந்து ஏதாவது போய்ச் சேருவதுதான் நியாயம். பாத்திரத்தின் தோற்றத்தை மாற்றும் ஸ்கின், ஆட ஆடப் பரிசுகளைத் திறக்கும் பேட்டில் பாஸ், கூடுதல் கதைப் பகுதி என எல்லா வகையிலும் வாங்கியிருக்கிறேன். விலை அதிகம் என்பதுகூட என் பெரிய புகார் இல்லை. நான் கொடுத்த ரூபாய் எப்போது விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் வைரமாகவோ நாணயமாகவோ மாறுகிறதோ, அப்போதே வாங்கியவன் என்ற முறையில் எனக்கிருந்த பிடி முழுவதும் கைநழுவிப் போகிறது. விலையை ஒப்பிட முடிவதில்லை, பணத்தைத் திரும்பக் கேட்க முடிவதில்லை, கோளாறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பதும் தெரிவதில்லை.

விலையிலிருந்தே தொடங்குகிறேன். பெரும்பாலான விளையாட்டுகளின் உள்கடையில் எந்தப் பொருளுக்கும் ரூபாயில் விலை இருக்காது. வைரப் பொதி வாங்கும் பக்கத்தில் மட்டுமே ரூபாய் கண்ணில் படும். உலகெங்கும் ஆடப்படும் கென்ஷின் இம்பாக்டை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டினால் முதலில் வருவது ஜெனிசிஸ் கிரிஸ்டல். அதை அதே எண்ணிக்கையில் ப்ரிமோஜெம்மாக மாற்ற வேண்டும். ப்ரிமோஜெம்மைக் கொடுத்து ஃபேட் என்ற சீட்டை வாங்க வேண்டும். அந்தச் சீட்டு இருந்தால்தான் புதிய பாத்திரங்கள் விழும் குலுக்கலில் கலந்துகொள்ளலாம். ஒரு குலுக்கலுக்கு 160 ப்ரிமோஜெம்.

இனி கிரிஸ்டல் பொதிகளைப் பாருங்கள். முதல் முறை வாங்குபவருக்குத் தரும் இரட்டிப்புச் சலுகையை ஒதுக்கிவிட்டு, வழக்கமான போனஸை மட்டும் சேர்த்தால் 60, 330, 1,090, 2,240, 3,880, 8,080 என ஆறு பொதிகள். 60-ஐ வைத்து ஒரு குலுக்கல்கூட முடியாது. 330 வாங்கினால் இரண்டு குலுக்கல் போக 10 மீதம். 1,090-க்கு ஆறு குலுக்கல், 130 மீதம். 3,880-இல் 40 மீதம். மிகப் பெரிய பொதியான 8,080-இல் 50 குலுக்கல் போக 80 மீதம். 2,240 மட்டும்தான் சரியாக 14 குலுக்கலில் தீர்கிறது. மற்ற எதை வாங்கினாலும் கணக்கில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மீதம் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும், அதை முழுமையாக்க அடுத்த பொதியை நோக்கிக் கை போகும். நான் ஆடிய ஏறக்குறைய எல்லா இலவச விளையாட்டுகளிலும், பெயரும் எண்ணும் மாறினாலும், இந்த மிச்சக் கணக்கு இருந்தது.

அதே விளையாட்டில் ஐந்து நட்சத்திரப் பாத்திரம் ஒன்று விழுவதற்கான அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். 90-ஆவது குலுக்கலுக்குள் ஒன்று உறுதி என்றாலும், அது நாம் ஆசைப்பட்ட பாத்திரமாக இல்லாமல் போகலாம். அப்படிப் போனால் மேலும் 90 வரை போக நேரிடும். 180 குலுக்கலுக்கு 28,800 ப்ரிமோஜெம். 99.99 டாலர் விலையுள்ள அந்த 8,080 பொதியை நான்கு முறை வாங்கினால்தான் அந்த எண்ணிக்கையைத் தாண்ட முடியும். வாய்ப்பு விகிதத்தை விவரப் பக்கத்தில் வெளியிடுகிறார்கள். ஆனால் 'அதிகபட்சம் இவ்வளவு பணம் ஆகலாம்' என்ற ஒற்றை வரி, பொத்தானுக்குப் பக்கத்தில் இருப்பதில்லை. அமெரிக்காவின் எஃப்டிசி எனப்படும் கூட்டாட்சி வணிக ஆணையம் 2025 ஜனவரியில் இந்த விளையாட்டின் நிறுவனத்தோடு 2 கோடி டாலருக்கு ஒரு உடன்பாட்டுக்கு வந்தது. 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் லூட் பாக்ஸ், அதாவது என்ன விழும் என்று தெரியாமல் வாங்கும் இத்தகைய குலுக்கல், விற்கக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. லூட் பாக்ஸை நேரடியாக உண்மையான பணத்திலேயே வாங்கும் வழியும் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவதுதான்.

உண்மையான பணத்தில் விலை போட முடியாது என்று எந்தக் கடையும் சொல்ல முடியாது. எக்ஸ்பாக்ஸ் 360 என்ற விளையாட்டுக் கருவியின் காலத்தில் மைக்ரோசாஃப்ட் தன் கடையில் 'பாயிண்ட்' முறை வைத்திருந்தது. 80 பாயிண்ட் ஒரு டாலர். 2006-இல் ஆப்ளிவியன் விளையாட்டில் குதிரைக்குக் கவசம் விற்றபோது அதன் விலை 200 பாயிண்ட், அதாவது இரண்டரை டாலர். 2013-இல் மைக்ரோசாஃப்ட் பாயிண்டையே கைவிட்டு, அந்தந்த நாட்டுப் பணத்துக்கு மாறியது. கடை ஒன்றும் இடிந்துவிடவில்லை. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் கடையில் 2015 முதல் ரூபாயிலேயே விலை பார்க்கிறோம். டீப் ராக் கலாக்டிக் போன்ற விளையாட்டுகள் அலங்காரப் பொருள்களைத் தனிப் பொதியாக, ரூபாய் விலையோடு அங்கேயே விற்கின்றன. பார்த்தவுடன் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுத்துவிடலாம். அப்படி விற்கிறவர்களிடம் நான் மனநிறைவோடு வாங்கியிருக்கிறேன்.

அடுத்தது, பணம் போய் வைரம் வராத கதை. கைபேசியில் ஆடுகிறவர்களில் பலர் இதைக் கடந்து வந்திருப்பார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தீபாவளிச் சலுகை, முடிய ஒரு நாளே இருந்தது. யூபிஐ வழியாகப் பணம் கட்டினேன். பச்சை நிறத்தில் 'வெற்றி' என்று வந்தது, வங்கியிலிருந்து குறுஞ்செய்தியும் வந்துவிட்டது. விளையாட்டைத் தரவிறக்கிய செயலிக் கடையில் மட்டும் 'நிலுவையில் உள்ளது' என்ற நிலை மாறவே இல்லை. விளையாட்டில் என் வைர எண்ணிக்கை இருந்த இடத்திலேயே நின்றது.

கடையின் உதவிப் பக்கத்தில் தானியங்கி அரட்டை மட்டும்தான். எந்தக் கேள்வி கேட்டாலும் நான்கு பொத்தான்களைக் காட்டும். நான்கில் எதை அழுத்தினாலும் 'விளையாட்டின் உருவாக்குநரைத் தொடர்புகொள்ளவும்' என்று போய் முடியும். உருவாக்குநருக்கு எழுதினேன். ஆட்டக்காரர் எண், சர்வர் எண், ஆர்டர் எண், திரைப்பிடிப்பு, வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாம் கேட்டார்கள். எல்லாவற்றையும் அனுப்பியதும் 'எங்கள் பதிவேட்டில் இந்தப் பணம் வரவில்லை, கடையைக் கேளுங்கள்' என்று பதில். மறுபடியும் கடை. இந்த முறை ஒரு மனிதர் பதில் எழுதினார், 'வங்கியைக் கேளுங்கள்' என்று. வங்கியோ, பணம் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பரிவர்த்தனை எண்ணோடு உறுதி செய்தது. கடைசியில் ஒரு நாள் காலையில் வைரம் வந்திருந்தது. சலுகை முடிந்து, நான் வாங்க நினைத்த பொருளும் கடையிலிருந்து போயிருந்தது. பொருள் இல்லாத வைரம் எனக்கு வேண்டாம், பணத்தைத் தாருங்கள் என்றேன். வைரம் கணக்கில் சேர்ந்துவிட்டதால் பணம் தர இயலாது என்றார்கள். என் புகாருக்குப் பக்கத்தில் 'தீர்வு காணப்பட்டது' என்று எழுதியிருந்தது. என்னைக் கேட்காமலே அதை மூடியதுதான், இழந்த பணத்தைவிட எனக்கு அதிகம் வலித்தது.

இப்படித்தான் நடக்கும் என்று விதி ஒன்றும் இல்லை. கூகுள் பிளேயில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. வாங்கியதை விளையாட்டின் தரப்பு மூன்று நாளுக்குள் ஏற்று உறுதி செய்யாவிட்டால் பணம் தானாகவே வாங்கியவருக்குத் திரும்பிவிடும். நல்ல ஏற்பாடு. எல்லாக் கடைகளும் இதைப் பின்பற்றலாம். இன்னும் ஒரு படி மேலே போய், கால வரம்புள்ள சலுகைக்காகக் கட்டிய பணம் தாமதமானால், சலுகை முடிந்த பிறகும் அதே பொருளைத் தர வேண்டும் என்று உருவாக்குநர்களைக் கட்டுப்படுத்தலாம். பணத்தைப் பிடித்து வைத்திருப்பது கடை. அந்த அதிகாரம் அதனிடம்தான் இருக்கிறது.

பணம் திரும்பப் பெறுவதில் ஸ்டீமைப் பலரும் பாராட்டுகிறார்கள், நானும்தான். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், முழு விளையாட்டுக்கான பணமும் கேள்வியின்றித் திரும்பும். ஆனால் விளையாட்டுக்குள் வாங்கும் பொருளுக்கு இதே விதி என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே உருவாக்கிய விளையாட்டுகளில் 48 மணி நேரத்துக்குள், அந்தப் பொருளைப் பயன்படுத்தாமலும் மாற்றாமலும் யாருக்கும் கொடுக்காமலும் இருந்தால் மட்டுமே பணம் கிடைக்கும். பிற நிறுவனங்களின் விளையாட்டுகளில் அந்த வசதியைத் தருவதும் தராததும் அவர்கள் விருப்பம். ஒரே கடை, ஒரே பணப்பை, ஆனால் விளையாட்டின் வாசலைத் தாண்டியதும் பாதுகாப்பு சுருங்கிவிடுகிறது. வங்கி மூலம் பணத்தைத் திரும்ப வாங்கினால் வேறு ஆபத்து காத்திருக்கிறது. சில விளையாட்டுகள் கணக்கையே முடக்கிவிடும், பல ஆண்டுகளாகச் சேர்த்ததெல்லாம் அதோடு போய்விடும்.

குழந்தைகள் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. அக்காவின் மகன், ஒன்பது வயது, டேப்லெட்டில் ஆடிக்கொண்டிருந்தபோது சேமித்து வைத்திருந்த கட்டண முறையில் தொகை போய்விட்டது. அக்கா பதறிப்போய் அழைத்தார். நான் போனபோது பையன் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

"மாமா, நான் வைரத்தைத்தான் அழுத்தினேன். காசை அழுத்தவே இல்லை."

அவன் சொன்னது பொய் இல்லை. திரையில் இருந்தது மின்னும் வைரப்பெட்டி ஒன்றுதான். தொகை அதற்கடியில், பெரியவர்களே உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவில், மங்கிய எழுத்தில் இருந்தது. கடைக்கு எழுதிக் கொஞ்சம் பணத்தை மீட்டோம், முழுவதும் கிடைக்கவில்லை.

உலக அளவில் இது பழைய சிக்கல். ஒருமுறை கடவுச்சொல் போட்டால் அடுத்த 15 நிமிடத்துக்குக் குழந்தைகள் எதை வேண்டுமானாலும் வாங்கலாம் என்பதைப் பெற்றோருக்குச் சொல்லவில்லை என்று, 2014-இல் எஃப்டிசி ஆப்பிள்மீது நடவடிக்கை எடுத்தது. 3.25 கோடி டாலரையாவது திருப்பித் தர ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் கூகுள் 1.9 கோடி டாலர். 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட்டின் எபிக் நிறுவனம் 24.5 கோடி டாலரை ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தர இசைந்தது. உறக்க நிலையிலிருந்து விளையாட்டை எழுப்பும்போதும், ஒரு பொருளை முன்னோட்டம் பார்க்கும்போதும்கூடத் தவறிப்போய்ப் பணம் போகும்படி பொத்தான்கள் இருந்தன என்பது குற்றச்சாட்டு. வங்கியில் முறையிட்டவர்களின் கணக்குகளை முடக்கியதும் அதில் அடக்கம். என்னைப் போன்றவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்ததுதான், அரசு ஆணையம் சொன்ன பிறகு செவியில் ஏறியது.

இந்தியாவில் விளையாட்டே காணாமல் போவதையும் பார்த்துவிட்டோம். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை, 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர், அதே ஆண்டு ஜூலையில் பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ கடைகளிலிருந்து நீக்கம், 2023 மே மாதம் அது திரும்பி வந்தது. தடையின் காரணங்களுக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்த நாள்களில் நண்பர்கள் குழுவில் எல்லோரும் கேட்ட கேள்வி, கணக்கில் கிடக்கும் யூசி, டைமண்ட் என்ற அந்த விளையாட்டுகளின் உள்நாணயங்கள் என்ன ஆகும் என்பதுதான். பெரும்பாலான உரிம ஒப்பந்தங்களின்படி அவை நம் சொத்தே இல்லை, பயன்படுத்தும் அனுமதி மட்டும்தான். அந்த வரி வாங்கும் திரையில் இருந்தால் பலர் இவ்வளவு சேமித்து வைத்திருக்க மாட்டார்கள்.

இப்போது பல நிறுவனங்கள் தங்கள் சொந்த இணையதளத்தில் டாப்-அப் செய்தால், அதாவது நேரடியாகப் பணம் கட்டி வைரம் வாங்கினால், கூடுதல் வைரம் என்று அழைக்கின்றன. கடைகள் நெடுங்காலமாக 30 சதவீதம் வரை தரகு எடுத்ததன் விளைவு இது. எபிக் 2020-இல் ஆப்பிளோடு மோதியதும் இதற்காகத்தான். இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் பிளே ஸ்டோர் கட்டண விதிகளுக்காக கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. தரகு குறைவதை நான் வரவேற்கிறேன். ஆனால் இணையதளத்தில் வாங்கினால் கடையின் பணத்திருப்ப விதிகள் நமக்குப் பொருந்தாது என்பதை மறந்துவிடக் கூடாது. அதிகாரப்பூர்வ தளமா என்று முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பாதி விலைக்கு வைரம் என்று செய்தி அனுப்புகிறவர்கள் பக்கமே போக வேண்டாம்.

இப்போதைக்கு நான் செய்வது இதுதான். ரூபாயில் நேரடி விலை போட்ட பொருளை மட்டும் வாங்குகிறேன். வைரம் வாங்கியே ஆக வேண்டும் என்றால், எனக்கு வேண்டிய பொருளுக்கு எவ்வளவு ரூபாய் ஆகிறது என்று காகிதத்தில் எழுதிப் பார்த்த பிறகே வாங்குகிறேன். குழந்தைகள் தொடும் கருவியில் கட்டண முறை எதையும் சேமிப்பதில்லை, ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்திருக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தைப் பார்த்து அவசரப்படுவதில்லை. 2023 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த வழிகாட்டு நெறிகள், நுகர்வோரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடுக்கின்றன. பொய்யான அவசரத்தை உண்டாக்குவதும் அவற்றில் ஒன்று. எனவே நேற்று முடிந்ததாகச் சொன்ன சலுகை இன்றும் அதே கடிகாரத்தோடு ஓடினால் அதைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். கடையும் உருவாக்குநரும் மாறி மாறிக் கைகாட்டினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். ஆர்டர் எண்ணும் வங்கியின் பரிவர்த்தனை எண்ணும் கையில் இருக்கட்டும், பணம் போனதாக வந்த குறுஞ்செய்தியை அதுவரை அழிக்க வேண்டாம்.