டர்பன் விக்டோரியா தெரு சந்தை: மசாலா வாங்கப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்த பழைய இந்தியச் சந்தை 1973-ல் தீயில் எரிந்துபோனது. அதற்குப் பதிலாகக் கட்டியதுதான் இப்போதுள்ள கும்மட்டம் வைத்த கட்டடம். கூரையும் வரிசையும் ஒழுங்கு. பழைய சந்தையின் நெரிசலான நெருக்கம் மட்டும் திரும்பவில்லை, அது பெரிய இழப்புதான்.

மசாலாவுக்கு இன்றும் இதுவே இடம். கோபுரமாகக் குவித்து வைத்திருக்கும் பொடியின் நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். காற்றுப்பட்ட மேல்பொடியில் வாசம் போயிருக்கும். மூடிய பையிலிருந்து அள்ளித் தரச் சொல்லுங்கள். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் தேய்த்தால் லேசான எண்ணெய்ப் பசையும் மல்லி வாசமும் வரவேண்டும். கட்டி தட்டியிருந்தால் ஈரம் ஏறியது, வேண்டாம். 250 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள், சில மாதங்களில் மணம் இறங்கிவிடும். சீரகம், சோம்பு, பட்டையை முழுதாகவே வாங்கி வீட்டில் வறுத்து அரையுங்கள்.

கறிவேப்பிலைக்கும் பச்சைக் காய்க்கும் பக்கத்திலுள்ள வார்விக் காலைச் சந்தைக்குப் போங்கள், சீக்கிரமாக. 1910-லிருந்து நடக்கும் சந்தை. 2009-ல் அதை இடித்து மால் கட்டத் திட்டம் வந்தது; வியாபாரிகள் விடாமல் எதிர்த்து நிறுத்தினார்கள். அங்கே ஒரு கட்டு கீரையாவது வாங்குங்கள்.