பீர் கேனில் செய்த ஸ்பிரிட் அடுப்பு: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

இந்த அடுப்பைப் பற்றி விசாரிக்கிறவர்கள் எல்லோரும் ஓட்டை எத்தனை, கேனை எப்படி வெட்டுவது என்றுதான் கேட்கிறார்கள். சில வருடங்களாக சைக்கிளிலும் முதுகுப்பையிலும் இதைக் கொண்டு போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அடுப்பு சுலபமான பகுதி. சுற்றி வைக்கிற காற்றுத் தடுப்பும் உள்ளே ஊற்றுகிற ஸ்பிரிட்டும்தான் டீ கொதிக்குமா கொதிக்காதா என்று தீர்மானிக்கின்றன. அதிலும் புதுச்சேரி, கடலூர் மாதிரி காற்று ஓயாத கரையில்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு அலுமினியக் கேன்களின் அடிப்பாகம் போதும், பாண்டியில் காலிக் கேனுக்குப் பஞ்சமில்லை. ஒன்றை மூன்றரை சென்டிமீட்டர் உயரத்திலும் இன்னொன்றை இரண்டரையிலும் வெட்டி, சின்னதன் நடுக்குழியை வட்டமாக எடுத்துவிட்டு, விளிம்பைச் சுற்றி குண்டூசியால் 20, 24 ஓட்டை போட வேண்டும். மிச்சமான தகட்டில் ஒரு பட்டை வெட்டி, அடியில் சின்னச் சின்ன வெட்டுகள் கொடுத்து, வளையமாக உள்ளே நிறுத்தி, ஒன்றுக்குள் ஒன்றை அழுத்திச் செருகினால் முடிந்தது. ஸ்பிரிட் அந்த வெட்டுகள் வழியாக இரட்டைச் சுவருக்குள் போய், சூட்டில் ஆவியாகி ஓட்டைகளில் எரியும். முதலில் நடுவில் மட்டும் எரிந்து, அரை நிமிடத்தில் சுற்றிலும் நீலத் தழல் எழும்பும். இணைப்பில் எம்-சீல் தடவத் தேவையில்லை, சூட்டில் கருகித்தான் போகும், இறுக்கமாகச் செருகினாலே நிற்கும். எடை 15 கிராமுக்குள். பாத்திரத்தை மேலே தாங்க பழைய சைக்கிள் ஸ்போக்கை வளைத்துக்கொண்டேன், அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் மூன்று சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும், ஒட்டி வைத்தால் தழல் மூச்சுத் திணறி அணைந்துவிடும்.

இப்போது காற்று. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாயங்காலம் தடுப்பில்லாமல் பற்ற வைத்தால், தழல் முழுக்கப் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும், ஸ்பிரிட் தீர்ந்துபோகும், தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். சமையலறை அலுமினியத் தாளை மூன்று நான்காக மடித்து, பாத்திரத்தைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டு, பாத்திரத்தின் பாதி உயரத்துக்கு மேல் வருகிற மாதிரி நிறுத்துங்கள், அடியில் காற்று புக சில துளைகள் போதும். கேஸ் அடுப்பை இப்படி மூடினால் சிலிண்டர் சூடேறி வெடிக்கும் ஆபத்து உண்டு. இதில் அழுத்தம் ஏறுகிற கலம் இல்லாததால் நெருக்கமாகவே மூடலாம், இதன் பெரிய பலம் அதுதான் என்று நினைக்கிறேன். மணலில் நேராக வைக்காமல் அடியில் ஒரு டப்பா மூடியைப் போடுங்கள், ஈர மணல் சூட்டை இழுத்துவிடும்.

கணக்கு பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நம்மூர்த் தண்ணீர் 28 டிகிரியில் இருக்கிறது என்று வைத்தால், அரை லிட்டரைக் கொதிக்க வைக்கத் தேவையான வெப்பம் ஏறக்குறைய 150 கிலோஜூல். ஸ்பிரிட்டில் எரிகிற ஆல்கஹாலான எத்தனால் ஒரு கிராமுக்குச் சுமார் 27 கிலோஜூல் தரும். அதாவது சூடு கொஞ்சமும் வீணாகாவிட்டால் 7 மில்லி போதும். நிஜத்தில் நல்ல தடுப்போடும் மூடியோடும் எனக்கு 15 முதல் 20 மில்லி ஆகிறது, கொதி வர ஏழெட்டு நிமிடம். அந்த வித்தியாசம் பெரும்பாலும் காற்றோடு போகிற சூடுதான்.

ஸ்பிரிட் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன், மெத்தனாலைத் தொடாதீர்கள். சூடு எத்தனாலில் முக்கால் பங்குதான், விஷமோ மூச்சிலும் தோல் வழியாகவும் ஏறும். 2023 மே மாதம் மரக்காணத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் சாராயத்தில் கலந்த மெத்தனால் எத்தனை குடும்பங்களை அழித்தது என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் மெத்தனாலும், குடிக்க முடியாதபடி வேறு பொருள் கலந்த டினேச்சர்டு ஸ்பிரிட்டும் உரிமம் இருந்தால்தான் வாங்க முடியும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். நான் மெடிக்கலில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டோடு நிறுத்திக்கொள்கிறேன், லேபிளில் எத்தனால் என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்றிருந்தால் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி அப்பும். தண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்கவே வேண்டாம், பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், கூட வருகிறவர் தாகத்தில் எடுத்துக் குடித்துவிடுவார். என்னுடையது சிவப்பு டேப் சுற்றிய குட்டி பாட்டில். மூடியை இறுக்க வேண்டும், ஐப்பசி கார்த்திகை ஈரக் காற்றில் ஸ்பிரிட் தண்ணீரை உறிஞ்சி வீரியம் குறையும்.

பகல் வெளிச்சத்தில் தழல் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஸ்பிரிட் ஊற்றினால் நெருப்பு பாட்டிலுக்குள் பாயும், அடுப்பு கையில் தொடும் அளவுக்கு ஆறாமல் நான் ஊற்றுவதில்லை. டென்ட்டுக்குள் பற்ற வைக்கவே கூடாது.

ரயிலில் ஸ்பிரிட் கொண்டு போகக் கூடாது. 1989 ரயில்வே சட்டத்தின் 164வது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு, 2023 ஆகஸ்டில் மதுரையில் சுற்றுலாப் பெட்டிக்குள் கேஸ் சிலிண்டரால் ஒன்பது பேர் இறந்தது நினைவிருக்கும். அடுப்பு மட்டும் பையில், ஸ்பிரிட் இறங்குகிற ஊரில். கல்வராயன் மலைப் பக்கம் போனாலும் காப்புக்காட்டுக்குள் இதை வெளியே எடுப்பதில்லை, அடிவாரத்தில் தெரிந்தவர் கொல்லையில் சமைத்துவிட்டு ஏறுவோம். 2018 குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு இதில் விவாதத்துக்கே இடமில்லை.

சமையல் என்று பார்த்தால் தழலைக் குறைக்க வழி கிடையாது. அதனால் கொதிநீர் ஊற்றினால் ஆகிற சாப்பாடுதான் பொருந்தும்: அவல், சேமியா, வீட்டிலேயே வறுத்துத் தாளித்து எடுத்துப்போகும் ரவை, கருப்பட்டிக் காபி. சோறு வேண்டும் என்றால் அரிசியை முன்கூட்டியே ஊறவைத்து, ஒரு கொதி வந்ததும் துண்டில் சுற்றி வைத்துவிடலாம், நொய்யாக இருந்தால் இன்னும் நன்றாக வேகும். இரண்டு பேருக்கு மேல் சமைக்க இது சரிப்படாது, மூன்றாவது ஆள் வந்தால் நான் கேஸ் அடுப்பைத்தான் எடுக்கிறேன்.

தகடு மெல்லிசு, பையில் நசுங்கும், பாத்திரத்துக்குள் வைத்தே கட்டுங்கள். அப்படி வைத்தால் அடுப்பு நீடித்து உழைக்கிறது, ஓட்டைகளும் அடைபடவில்லை. அடிக்கடி மாற்ற வேண்டி வருவது மடிப்பில் கிழியும் அலுமினியத் தாள்தான், அதனால் இப்போது பழைய எண்ணெய் டின் தகட்டில் ஒரு தடுப்பு வெட்டிக்கொண்டிருக்கிறேன்.