சரளை மேட்டு வேலிக்குக் கள்ளியா, கிளுவையா?

பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து மேட்டு நிலங்களில் பல இடங்களில் ஒரு சாண் தோண்டினாலே சரளை தட்டும், அதற்குக் கீழே பாறை. தண்ணீர்க் குழாய் எட்டாத அந்த ஓரத்துக்கு உயிர்வேலி என்றதும் பலர் திருகுகள்ளியைத்தான் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. கொம்பை ஒடித்து, பால் வடிந்து வெட்டுவாய் காயும்வரை சில நாள் நிழலில் போட்டு நட்டால் வேர் பிடித்துவிடும். இலைக்குப் பதில் பச்சைத் தண்டே உணவு தயாரிக்கிறது; தண்டின் துளைகள் இரவில் திறப்பதால் நீர் இழப்பு குறைவு. ஆடும் வாய் வைக்காது.

ஆனாலும் என் ஓட்டு கிளுவைக்குத்தான். திருகுகள்ளிக்கு முள் கிடையாது, கொம்பு சட்டென்று ஒடியும். மாடு உரசினால் சந்து விழும். அதைவிடக் கள்ளிப்பால் ஆபத்து. கண்ணில் தெறித்தால் எரிச்சல் தாங்காது, பார்வையும் மங்கும். உடனே நிறைய தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். பிள்ளைகள் நடமாடும் வரப்பில் அது வேண்டாம்.

கிளுவையும் போத்து, அதாவது வெட்டிய கொம்பு, நட்டு வருவதுதான். கோடையில் மொட்டையாக நிற்கும்போது பட்டுவிட்டதோ என்று தோன்றும். பட்டையை நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியும். கிளை நுனியே முள்ளாக முடிவதால், நெருக்கி நட்டால் ஆடு நுழையாது. மழையில் விடும் தழை ஆட்டுக்குத் தீவனம். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளை, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களை, தலைமுறைகளாகக் காப்பது இந்த வேலிதான். முதல் வருஷம் மட்டும் சீமைக்கருவேல முள்ளை வெட்டி வெளிப்பக்கம் அடையுங்கள். இல்லாவிட்டால் தளிரை ஆடு மேய்ந்துவிடும்.

மண் அரிக்கும் சரிவுக்கு ரயில் கற்றாழை. அகலமாக இடம் பிடிக்கும், மடல் நுனி ஊசிபோல் குத்தும். பாதையோரம் நுனியை நறுக்கிவிடலாம். பூத்தண்டு விட்டால் தாய்ச்செடி செத்துவிடும், பக்கக்கன்றுகள் அந்த இடத்தை நிரப்பும்.

சப்பாத்திக்கள்ளியை மட்டும் புதிதாக நடாதீர்கள். தென்னிந்தியாவில் அது பரவி நிலத்தை அடைத்ததால்தான் 1926-இல் அதைத் தின்னும் செதில்பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள்.

வீட்டுக்கு அருகே, குடத்துத் தண்ணீர் எட்டும் தூரத்தில் கலாக்காய் வைக்கலாம். முதல் இரண்டு கோடைக்கு ஊற்ற வேண்டும். பிறகு முள்வேலியும் கிடைக்கும், ஊறுகாய்க்குக் காயும் கிடைக்கும்.