‘முதல் வேலைக்கு மட்டும் விலையைக் குறையுங்கள்’: கடைக் கண்ணாடி துடைக்கும் தொழிலில் இருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

சென்னையில் ஒன்பது ஆண்டுகளாகக் கண்ணாடி துடைக்கும் தொழிலை நான்கு ஆட்களுடன் நடத்தி வருகிறேன். வீடுகள், மருந்துக் கடைகள், சிறு அலுவலகங்கள் என்று இருந்த எனக்கு, கடந்த ஆண்டு தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு, நகரின் நெரிசலான வணிகச் சாலையொன்றில் உள்ள ஐந்து மாடி ஜவுளிக் கடையின் முகப்புக் கண்ணாடி வேலை கிடைத்தது. வேலையை முடித்து 99,087 ரூபாய்க்குப் பில் கொடுத்தேன். வந்த பணம் 9,700 ரூபாய். அந்தப் பில்லுக்காக நான் அரசுக்குக் கட்டிய ஜிஎஸ்டி மட்டுமே 15,115 ரூபாய். இதில் என் தவறும் பாதி இருக்கிறது என்பதை மறைக்காமல்தான் எழுதுகிறேன். ஆனால் மற்றப் பாதி தற்செயலாக நடந்ததல்ல என்பது பின்னால் தெரியவந்ததால், இதே வலையில் இன்னொருவர் விழக்கூடாது என்று எண்ணி எழுதுகிறேன்.

கடையின் பராமரிப்பு மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். “இரண்டாயிரத்து ஐந்நூறு சதுர அடிதான் சார், வெறும் தூசி, மொட்டை மாடியில் கயிறு கட்டவும் வசதி இருக்கிறது” என்றார். பகல் வெளிச்சத்தில் எடுத்த இரண்டு புகைப்படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இரண்டிலும் கண்ணாடி ஏறக்குறையச் சுத்தமாகவே இருந்தது. இவ்வளவு உயரமான முகப்புக்கு நான் வழக்கமாகச் சதுர அடிக்கு 9 ரூபாய் கேட்பேன். இந்த முதல் வேலையை மட்டும் குறைத்துச் செய்து கொடுத்தால், ஆண்டு ஒப்பந்தமும் மற்றக் கிளைகளின் வேலையும் நமக்குத்தான் என்று அவர் சொன்னதை நம்பி, நேரில் சென்று பார்க்காமலே 6 ரூபாய்க்கு இறங்கி, 15,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று ஒரே வரியில் கொட்டேஷன் அனுப்பிவிட்டேன். அந்த ஒரு வரியில் எந்தப் பக்கம், உள்ளா வெளியா, எத்தனை மாடி, தூசியா கறையா என்று எதுவுமே இல்லை. இத்தனை ஆண்டு தொழில் செய்தவன் இதைச் செய்திருக்கக் கூடாது.

முதல் நாள் இரவு டேப்பைப் போட்டு அளந்தபோதுதான் உண்மை தெரிந்தது. முன்பக்கம் 72 அடி அகலம், 44 அடி உயரம். அதாவது 3,168 சதுர அடி. சந்துப் பக்கம் திரும்பும் கண்ணாடி 36 அடி அகலத்தில் அதே உயரம், அது 1,584. தரைத் தளத்திலும் முதல் மாடியிலும் 20 அடி உயரம் வரை உள்பக்கமும் துடைக்க வேண்டும் என்றார்கள், அது 2,160. ஆக மொத்தம் 6,912 சதுர அடி. மாடியில் கயிறு கட்ட வசதி என்று சொல்லப்பட்டது, விளம்பரப் பலகையைத் தாங்கிக்கொண்டிருந்த துருப்பிடித்த இரும்புச் சட்டம். அதில் ஆளைத் தொங்கவிட என் மனம் ஒப்பவில்லை. பூம் லிஃப்ட் (ஆளை உயரே தூக்கி நிறுத்தும் நீண்ட கை கொண்ட வண்டி) வைத்தால்தான் வேலை செய்ய முடியும் என்று மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன். “சரி சார், தனி பில் போடுங்கள்” என்று பதில் வந்தது. பரப்பு கூடியிருப்பதைப் பற்றி நேரில் கேட்டபோதும், பார்த்துக்கொள்ளலாம், முதலில் வேலை நடக்கட்டும் என்று வாயால்தான் சொன்னார்.

அந்த இடத்திலேயே ஆட்களை அழைத்துக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை, ஏனென்றால் ஆண்டு ஒப்பந்தம் கண்ணில் நின்றது.

கடை இரவு பத்து மணிக்கு மூடினாலும் வாசல் காலியாக 10.45 ஆனது, விடியற்காலை ஐந்து மணிக்குச் சரக்கு வண்டிகள் வந்து நின்றன. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் லிஃப்டை நிறுத்தவும் நகர்த்தவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. முதல் இரவு ரோந்து வந்த காவலர்கள், நடைபாதையில் வண்டியை நிறுத்த அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்க, கடைக்காரர் யாரும் தொலைபேசியை எடுக்காததால் இரண்டு மணி நேரம் சும்மா நின்றோம். அந்த நேரத்துக்கும் ஆட்களுக்குக் கூலி உண்டு, லிஃப்டுக்கு வாடகை உண்டு.

கண்ணாடியின் நிலைமையோ புகைப்படத்துக்குச் சற்றும் தொடர்பில்லாமல் இருந்தது. ஆடித் தள்ளுபடிக்கு ஒட்டிய ஸ்டிக்கர்களைப் பாதி கிழித்துவிட்டு, பசையை அப்படியே வெயிலில் காயவிட்டிருந்தார்கள். மேல் மாடிகளில் பெயிண்ட் துளிகளும் சிலிக்கான் பூச்சும் இருந்தன. கீழே காவலாளி தினமும் போர்த் தண்ணீரைக் குழாயில் பீய்ச்சிக் கழுவியதால் வெள்ளை வெள்ளையாக உப்புக் கறை படிந்திருந்தது. தொழிலில் இல்லாதவர்களுக்கு இந்த வித்தியாசம் புரிவதில்லை என்பதால் சொல்கிறேன்: வழக்கமாகத் துடைக்கப்படும் கண்ணாடியில் பழகிய ஆள் ஒருவர் மணிக்கு 250 சதுர அடி செய்வார், பசை காய்ந்த கண்ணாடியில் அதே ஆள் 40 சதுர அடி செய்தால் பெரிது. உப்புக் கறையைச் சோப்புத் தண்ணீர் தொடாது. லேசான அமிலம் வேண்டும், அதையும் அலுமினியச் சட்டத்திலும் கிரானைட்டிலும் வழியவிடாமல் பிடிக்க வேண்டும். விரைவில் வேலை முடியும் என்று சிலர் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கலந்த திரவத்தை வாங்கிவந்து ஊற்றுகிறார்கள். அது கண்ணாடியையே அரிக்கும்; தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரை கெடுக்கும். அதை என் ஆட்கள் கையில் நான் கொடுப்பதில்லை, அதனால் நேரம் கூடத்தான் செய்யும்.

மூன்று இரவுகள் ஆயின. லிஃப்ட் வாடகை இரவுக்கு 11,000 வீதம் 33,000 ரூபாய், நான்கு பேருக்கு இரவுக் கூலி தலைக்கு 1,200 வீதம் 14,400, பிளேடு, திரவம், ரப்பர் எல்லாம் சேர்த்து 4,300. அளந்த பரப்புக்கு அதே 6 ரூபாய் வீதம் 41,472, லிஃப்ட் 33,000, பசையும் பெயிண்டும் நீக்கியதற்கு 9,500, அவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று பில் எழுதினேன். பத்து நாள் கழித்து வந்த பதில், ஒப்புக்கொண்ட தொகை 15,000 ரூபாயும் வரியும் மட்டுமே என்றது. அதிலும் தரைத் தளத்தில் இரண்டு கண்ணாடிகளில் கீறல் விழுந்ததாகச் சொல்லி 8,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியை வங்கியில் போட்டார்கள்.

அந்தக் கீறல்கள் நாங்கள் போவதற்கு முன்பே இருந்தன. ஆனால் வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு கண்ணாடியையும் படம் எடுத்து வைக்காததால் அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. கடைகளில் இருப்பது பெரும்பாலும் டஃப்பன்ட் கண்ணாடி, அதாவது சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடி. உலையில் சூடாக்கும்போது நுண்ணிய துகள்கள் அதன் ஒரு பக்கத்தில் ஒட்டி உருகிவிடுவதுண்டு. அந்தப் பக்கத்தில் பிளேடு ஓட்டினால், எவ்வளவு ஈரமாக வைத்து ஓட்டினாலும், பெயர்ந்த துகள் பிளேடோடு இழுபட்டுக் கோடு போடும். ஆகவே ஸ்டிக்கர் நீக்கும் வேலை என்றாலே, கீறலுக்கு யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே எழுதி வாங்காமல் பிளேடைத் தொடவே கூடாது.

வரி விஷயத்தில் இன்னொரு அடி. சேவைக்குப் பில் எழுதிவிட்டால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த மாதக் கணக்கில் வரியைக் கட்டியாக வேண்டும். கிரெடிட் நோட் கொடுத்துப் பில்லைக் குறைக்கலாம் என்றார் என் ஆடிட்டர். குறைத்தால் மீதித் தொகைக்கு எனக்கு உரிமை இல்லை என்று நானே எழுதிக் கொடுத்ததாகிவிடுமே என்று மறுத்துவிட்டேன். லிஃப்ட் உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்பதால் உள்ளீட்டு வரி வரவுக்கும் (வாங்கும்போது கட்டிய வரியை நம் வரியில் கழித்துக்கொள்வது) வழியில்லை. ஆக, மூன்று இரவுச் செலவையும் வரியையும் கூட்டி, வந்த 9,700 ரூபாயைக் கழித்தால், கையிலிருந்து போனது 57,115 ரூபாய்.

இவையெல்லாம் ஒரு மேலாளரின் அலட்சியம் என்றே நினைத்திருப்பேன். கடைசி இரவில் தேநீர் குடிக்கும்போது லிஃப்ட் ஓட்டுநர், “இந்த வருஷத்தில் இந்தக் கடைக்கு மூன்றாவது பார்ட்டியோடு வருகிறேன் அண்ணே” என்று சொன்னார். அவர் குறிப்பிட்ட மற்ற இருவரையும் பிறகு தேடிப் பிடித்துப் பேசினேன். பொங்கலுக்கு முன் ஒருவர், ஆடிக்கு முன் ஒருவர். இருவருக்கும் அதே இரண்டாயிரத்து ஐந்நூறு சதுர அடி, அதே ஆண்டு ஒப்பந்த வாக்குறுதி, முடிவில் ஏதோ ஒரு பிடித்தம். ஆடிக்கு முன் செய்தவரிடம் எனக்கு வந்த புகைப்படங்களைக் காட்டினேன். அவர் துடைத்து முடித்த காலையில் எடுத்தவை அவை. ஒன்றின் ஓரத்தில் அவருடைய நீல வாளி தெரிகிறது. ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு புதிய ஆளைப் பிடித்தால், அந்தக் கடைக்கு எல்லா வேலையும் ‘முதல் வேலை’தான்.

இப்போது நான் நேரில் பார்க்காமல் விலை சொல்வதில்லை. ஒரு கண்ணாடியைப் பகலில் துடைத்துக் காட்டி, அதற்கு ஆன நேரத்தை வைத்தே மொத்த மணி நேரத்தைக் கணக்கிடுகிறேன். சதுர அடி விலை என்பது கடைக்காரர் ஒப்பிட்டுப் பார்க்க வசதியான எண், அவ்வளவுதான். நம் செலவு ஆள், நேரம், உயரம் ஆகியவற்றில்தான் இருக்கிறது. முதல் சுத்தத்துக்குத் தனி விலையும் மாத வேலைக்குத் தனி விலையும் எழுதுகிறேன். ஒப்பந்தத்துக்காகத் தள்ளுபடி கேட்டால், அதை மூன்றாவது மாதப் பில்லிலிருந்து தருவதாகச் சொல்கிறேன். இதைக் கேட்டதும் இருவர் போனை வைத்துவிட்டார்கள். லிஃப்ட் வாடகை முழுவதும் முன்பணமாக வந்தபின்தான் வண்டியை அழைக்கிறேன்.

உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) முன்பே எடுத்திருந்ததால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் வராத பணத்துக்குப் புகார் செய்வதற்கான அரசின் சமாதான் இணையதளத்தில் மனு போட்டிருக்கிறேன். ஒப்பந்தம் என்ன சொன்னாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது என்றும், நிறுத்தினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. கடைக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. மனுவோடு இணைக்க ஆவணம் கேட்டபோது, அந்த மூன்று இரவுகளைப் பற்றிக் கடை எழுத்தில் ஒப்புக்கொண்டதாக என்னிடம் இருந்தது, “சரி சார், தனி பில் போடுங்கள்” என்ற அந்த ஒரு செய்தி மட்டுமே. அது லிஃப்டைப் பற்றியது; கூடுதலாகத் துடைத்த 4,412 சதுர அடியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.