நியூரோமார்ஃபோ தரவுத்தளம்: பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

நுண்ணோக்கியில் தெரியும் ஒரு நியூரானின் (நரம்புச் செல்லின்) கிளைகளைப் புள்ளி புள்ளியாகத் தொடர்ந்து முப்பரிமாண வடிவமாக வரைந்தவர்களுக்கு, அந்த வேலை எத்தனை நாட்களை விழுங்கும் என்பது தெரியும். உலகின் பல ஆய்வகங்கள் அவ்வாறு வரைந்து முடித்த வடிவங்களைத் திரட்டி, கட்டணமோ பயனர் கணக்கோ கேட்காமல் எவருக்கும் வழங்குகிறது நியூரோமார்ஃபோ. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் ஜியார்ஜியோ அஸ்கோலியின் குழு 2006இல் தொடங்கிய இக்களஞ்சியத்தில் இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட செல் வடிவங்கள் உள்ளன. நியூரானுக்குச் சமிக்ஞைகளை வாங்கித் தரும் கிளைகளான டென்ட்ரைட்டுகளின் கிளைப்புகளை ஒப்பிடும் ஒரு பணிக்காகச் சில மாதங்கள் இதில் உழன்றேன்.

விலங்கினம், மூளைப் பகுதி, செல் வகை என வடிகட்டித் தேடுவது எளிது. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோப்புதான் கவனத்துக்குரியது. எஸ்டபிள்யூசி (SWC) எனப்படும் அக்கோப்பு வகை வெறும் உரைக் கோப்பு. ஒவ்வொரு வரியிலும் ஏழு எண்கள் இருக்கும்: புள்ளியின் வரிசை எண், வகை, மூன்று ஆயத்தொலைவுகள், ஆரம், இறுதியாகத் தாய்ப்புள்ளியின் எண். வகை 1 என்றால் செல் உடல், 2 ஆக்ஸான் (சமிக்ஞையை வெளியே கொண்டுசெல்லும் இழை), 3 அடிப்புற டென்ட்ரைட், 4 உச்சி டென்ட்ரைட். தாய்ப்புள்ளி இல்லாத வேர்ப்புள்ளிக்கு -1. இவ்வளவு எளிய வரிகளிலிருந்து ஒரு பிரமிட் செல் (கூம்பு வடிவ உடல் கொண்ட நியூரான்) முழு மரமாக விரிவதைத் திரையில் பார்ப்பது இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

ஆய்வகம் அனுப்பிய மூலக் கோப்பையும், தரப்படுத்திய கோப்பையும், இரண்டுக்கும் இடையே திருத்தப்பட்டவற்றின் பதிவையும் சேர்த்தே தருவதுதான் இத்தளத்தின் ஆகச்சிறந்த குணம் என்பேன். கூடவே வரும் விவரக்குறிப்பைப் படிக்காமல் விட்டதன் விலையை நானே கொடுத்தேன். ஒரு தொகுப்பில் செல் உடலிலிருந்து விலகிச் செல்லச் செல்லக் கிளைகள் சட்டென்று குறைவதை ஷோல் பகுப்பாய்வு (செல் உடலிலிருந்து ஒவ்வொரு தொலைவிலும் எத்தனை கிளைகள் என்று எண்ணும் முறை) காட்டியபோது, அதை உயிரியல் வேறுபாடு என்று நம்பி இரண்டு வாரம் விளக்கம் தேடினேன். பிறகுதான் விவரக்குறிப்பைத் திறந்தேன்: திசு மெல்லிய சீவலாக வெட்டப்பட்டிருந்தது, கத்தி போன இடத்தில் கிளையும் முடிந்திருந்தது. இன்னொரு ஆய்வகத்தின் கோப்புகளில் ஆரம் எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே எண்ணாக இருந்தது. கிளைகளின் நீளத்தை அளக்க அது போதும். மின்னோட்டத்தைக் கணிக்கும் மாதிரிக்கு உதவாது. திசு உலரும்போது தடிமன் சுருங்குவதைச் சிலர் திருத்தியிருக்கிறார்கள், சிலர் திருத்தவில்லை. ஆகவே வெவ்வேறு ஆய்வகங்களின் செல்களை ஒரே வரைபடத்தில் கலப்பது ஆபத்தானது.

செல்களுக்கிடையேயான இணைப்புகள் வேண்டுமென்றால் இங்கே வரக்கூடாது. அதற்கு, பழ ஈ ஒன்றின் முழு மூளையிலுள்ள 1,39,255 நியூரான்களை இணைப்புகளோடு 2024இல் வெளியிட்ட ஃப்ளைவயர் இருக்கிறது. ஆனால் அது ஒரே ஓர் ஈயின் மூளை. எலி, மனிதன், மீன், பூச்சி எனப் பல உயிரினங்களின் செல்களை அருகருகே வைத்துப் பார்க்க நியூரோமார்ஃபோவையே நாடுவேன்.

தொகுதியாகப் பதிவிறக்குபவர்கள் விவரக்குறிப்புகளையும் உடனே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை எழுதும்போது தளத்தோடு, செல்லை வரைந்தவர்களின் மூலக் கட்டுரையையும் மேற்கோள் காட்ட வேண்டும். நூறு செல்களை எடுத்தபின் அவற்றின் மூலக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் தேடுவது பெரும் தலைவலி.