தண்டனை ஏடா, புள்ளி அட்டையா, குழுப் புள்ளியா? உயர்நிலைப் பள்ளிக்கு ஒத்துவரும் ஒழுங்கு முறை

ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள, அரசு உதவிபெறும் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒழுங்குப் பொறுப்பைக் கவனிக்கும் ஆசிரியர்களில் நானும் ஒருவன். நல்ல நடத்தையைப் பாராட்டவும் மீறல்களைக் கையாளவும் பள்ளி முழுவதற்கும் ஒரே முறை வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன: தவறுகளைப் பதிந்து படிப்படியாக நடவடிக்கை எடுக்கும் தண்டனை ஏடு, ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனிப் புள்ளி அட்டை, மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்துக் குழுவுக்குப் புள்ளி வழங்குவது, தவறு நேர்ந்தபின் உரியவர்களை உட்காரவைத்துப் பேசித் தீர்ப்பது. முதல் மூன்றையும் நடத்திப் பார்த்திருக்கிறோம், நான்காவதை ஓரளவுக்கே. இறுதியில் குழுப் புள்ளியைத் தேர்ந்தெடுத்தோம். அதன் பக்கமே சாய்ந்து எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பிரம்பைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே கல்வி விதிகளைத் திருத்தி உடல்சார் தண்டனை தடை செய்யப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. ஆனாலும் “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்” என்று சொல்லும் பெற்றோர் இன்றும் வருகிறார்கள். அவர்கள் கேட்பது அடியை என்பதைவிட, பிள்ளையைக் கைவிட்டுவிடாதீர்கள் என்ற வேண்டுகோளை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

தண்டனை ஏட்டுக்கு ஒரு நியாயம் உண்டு. யார், எப்போது, என்ன செய்தார் என்பது எழுத்தில் இருந்தால், ஆசிரியரின் அன்றைய மனநிலைக்கேற்ப நடவடிக்கை மாறாது. பெற்றோரிடம் பேசும்போதும் ஊகத்தை வைத்துப் பேச வேண்டியிராது. பெரிய மீறல்களுக்கு இந்தப் பதிவு எல்லாப் பள்ளிகளுக்கும் தேவை. அன்றாட ஒழுங்குக்கு அதையே கருவியாக்கும்போதுதான் சிக்கல். வீட்டுப்பாடம் எழுதாததும் தாமதமாக வந்ததும் ஏட்டில் ஏறுகின்றன. மூன்று பதிவானால் வகுப்பாசிரியர், ஐந்தானால் பெற்றோர் என்று படிகள் வகுக்கப்படுகின்றன. அந்தப் படிகளின் உச்சியில் உண்மையில் எதுவும் இல்லை. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. எனவே “டிசி கொடுத்துவிடுவேன்” என்பது வெறும் மிரட்டல், அது மிரட்டல் மட்டுமே என்பது ஏழாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். பெற்றோரை அழைப்பது அதைவிடக் கடினமானது. தினக்கூலிக்குப் போகும் ஒரு தாய் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கிறார். அந்த இழப்புக்கான கோபம் பள்ளி வாசலிலேயே பிள்ளையின் கன்னத்தில் இறங்குகிறது. நாம் கைவிட்ட அடியைப் பெற்றோர் கையால் வாங்கிக் கொடுத்ததாகத்தான் அது முடிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் அந்த ஏட்டில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் ஐந்தோ ஆறோதான். மீதிப் பேருக்கு அந்த ஏடு எதையும் சொல்வதில்லை. நேரத்துக்கு வந்து, சொன்னதைச் செய்து, சத்தமில்லாமல் இருக்கும் பிள்ளையைப் பள்ளி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்தக் குறையை நீக்கத்தான் புள்ளி அட்டை வந்தது. ஒவ்வொரு மாணவரிடமும் ஓர் அட்டை. நல்ல செயலுக்கு ஒரு கட்டத்தில் ஆசிரியர் சுருக்கொப்பம் இடுவார். கட்டங்கள் நிரம்பினால் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேனாவோ சான்றிதழோ கிடைக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இதை மிகவும் விரும்பினார்கள் என்பதை மறுக்க முடியாது. இடைவேளையில் அட்டையை நீட்டிக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் நிற்பார்கள். ஆனால் முதல் மாதத்திலேயே அட்டை நிரம்பியவர்கள், அட்டை இல்லாதபோதும் நன்றாகவே நடந்துகொண்டவர்கள்தாம். பின்வரிசைப் பிள்ளைகளின் அட்டைகள் வெறுமையாகவே பைக்குள் கிடந்தன. சில வகுப்புகளில் சுருக்கொப்பத்துக்குப் பதிலாக ஒட்டுவில்லைகள் கொடுத்தோம். ஒரு கணக்குப் பாட வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதக் கொடுத்தால் இரண்டு வில்லை என்று எட்டாம் வகுப்பில் விலையே நிர்ணயமாகிவிட்டது.

ஆய்வுகளும் தனிநபர்ப் பரிசைப் பற்றி எச்சரிக்கின்றன. 1973இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் நடந்த புகழ்பெற்ற சோதனையில், படம் வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னர் பரிசு இல்லாத நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். 128 சோதனைகளைத் தொகுத்து 1999இல் வெளியான ஆய்வும், எதிர்பார்த்துப் பெறும் பொருட்பரிசு உள்ளார்ந்த ஆர்வத்தைக் குறைப்பதாகவும், அந்தப் பாதிப்பு கல்லூரி மாணவர்களைவிடக் குழந்தைகளிடம் கூடுதலாக இருப்பதாகவும் கூறுகிறது. இருந்தாலும் இந்த வாதத்தை நான் அளவுக்கு மீறி அழுத்த மாட்டேன். படம் வரைவதில் குழந்தைக்கு ஏற்கெனவே ஆசை இருந்தது. மணி அடித்ததும் வகுப்புக்குள் வருவதில் அப்படி ஓர் ஆசை இருந்து அது குறைந்துவிடப் போவதில்லை. புள்ளி அட்டையை நாங்கள் விட்டதற்கு வேறு காரணம் உண்டு.

அந்தக் காரணம் பராமரிப்பு. எந்த ஒழுங்கு முறையையும் எடைபோட நான் இப்போது கேட்கும் முதல் கேள்வி, அது காலாண்டுத் தேர்வைத் தாண்டுமா என்பதுதான். ஜூன் மாதத்தில் எல்லா முறையும் நன்றாகவே நடக்கும். ஆகஸ்டு வந்ததும் ஒருவர் பயிற்சிக்குப் போவார், ஒருவர் மருத்துவ விடுப்பில் இருப்பார், அவர்களுடைய பாடவேளைகளை மற்றவர்கள் பார்ப்பார்கள், எமிஸ் என்னும் கல்வித் தகவல் இணையதளப் பதிவுகள் குவியும், விடைத்தாள்கள் வரும். அப்போது முதலில் கைவிடப்படுவது ஒழுங்கு முறைக்கான எழுத்து வேலையே. ஆசிரியர் எழுதாத வாரங்களில் மாணவர் செய்த நல்ல காரியம் கணக்கில் வராமல் போகிறது; சொன்னபடி நடக்காத பள்ளி என்ற எண்ணம் பிள்ளைகளிடம் அப்போதுதான் வேர்விடுகிறது. முறையே இல்லாத பள்ளியைவிட, தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்திய பள்ளியில் ஒழுங்கு இன்னும் சீக்கிரமாகக் கெடும் என்பது என் உறுதியான கருத்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து வகுப்புகள், வகுப்புக்கு இரண்டு பிரிவுகள், பிரிவுக்கு நாற்பது பேர் என்று வைத்துக்கொண்டால் 400 மாணவர்கள். வாரத்துக்கு ஒருவருக்கு ஒரே ஒரு புள்ளி என்றாலும் 400 சுருக்கொப்பங்கள். அட்டைகளைக் கூட்டி, பதிவேட்டில் ஏற்றி, தொலைந்த அட்டைக்குப் புது அட்டை கொடுத்து, போலிச் சுருக்கொப்பங்களைப் பிரித்தறிய வேண்டும். குழு முறையில் ஒரு பிரிவுக்கு ஐந்து குழுக்கள்; ஆகவே வகுப்பாசிரியர் வாரத்துக்கு எழுத வேண்டியவை ஐந்து எண்கள், பள்ளி முழுவதற்கும் 50. எவ்வளவு களைத்துப்போன ஆசிரியரும் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஐந்து எண்களை எழுதிவிடுவார்.

பராமரிப்பில் இன்னொரு பகுதி, ஆசிரியர்களுக்கிடையே உள்ள வேறுபாடு. ஒருவர் நோட்டைத் திறந்ததற்கே புள்ளி கொடுப்பார். இன்னொருவர் மாதத்துக்கு ஒன்று கொடுத்தாலே அதிகம். தனி அட்டையில் இது நேரடியான அநீதியாக மாறும்: தாராளமான ஆசிரியர் வரும் பிரிவில் அட்டைகள் நிரம்பும், பக்கத்துப் பிரிவில் நிரம்பாது, அதைச் சரிக்கட்டக் கூட்டம் போட வேண்டும், அளவுகோல் எழுத வேண்டும், மீண்டும் வாக்குவாதம் வரும். ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து குழுவினரும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் இருந்தால், தாராளமான கையும் இறுக்கமான கையும் ஐந்து குழுக்களுக்கும் ஒரே மாதிரியாகவே அமையும். யாரையும் திருத்தாமலே நியாயம் கிடைக்கிறது. குழுப் புள்ளியை நான் பெரிதும் விரும்புவதற்கு இதுதான் முதல் காரணம்.

குழு முறை புதிதன்று. வகுப்பை அணிகளாகப் பிரித்து நடத்தையைக் கணக்கிடும் ‘நன்னடத்தை விளையாட்டு’ அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் நான்காம் வகுப்பு ஒன்றில் சோதிக்கப்பட்டு 1969இல் வெளியானது. இடையூறுகள் வெகுவாகக் குறைந்தன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பரில் ‘மகிழ் முற்றம்’ என்ற பெயரில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை ஆகிய ஐந்து குழுக்கள் அமைக்கப்பட்டன. உதவிபெறும் பள்ளியான எங்களிடமும் அதே பெயர்களையே எடுத்துக்கொண்டோம்.

நடத்தும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கரும்பலகையின் வலது ஓரத்தில் கு, மு, ம, நெ, பா என்று ஐந்து எழுத்துகள். ஒவ்வொன்றின் கீழும் நான்கு கோடு இழுத்து ஐந்தாவதைக் குறுக்கே அடிக்கும் கணக்கு. கோடு போடும்போது ஆசிரியர் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது கட்டாயம். “நெய்தலுக்கு ஒன்று, புதிதாகச் சேர்ந்த தம்பியைச் சாப்பாட்டு வரிசையில் கூடவே நிறுத்திக்கொண்டதற்காக.” இதைச் சொன்ன அன்று அந்தப் புள்ளியைப் பெற்றுத் தந்தவன், பழைய ஏட்டில் அடிக்கடி இடம்பெற்ற பையன். அவன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் நெய்தல் பிள்ளைகள் எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். வெறும் அட்டையுடன் இருந்தவனுக்குத் தனிப் பரிசு எட்டாத தூரத்தில் இருந்தது. குழுவுக்கு ஒரு கோடு சேர்ப்பது அவன் கைக்கு எட்டியது. வார வெற்றிக்குப் பணமோ பொருளோ கிடையாது. திங்கட்கிழமை வழிபாட்டுக் கூட்டத்தை நடத்துவதும், விளையாட்டுப் பாடவேளையில் முதலில் என்ன ஆடுவது என்று தேர்ந்தெடுப்பதுமே வென்ற குழுவுக்குரியவை.

இரண்டு விதிகளில் விட்டுக்கொடுக்கக் கூடாது. முதலாவது, போட்ட புள்ளியைக் கழிக்கக் கூடாது. ஒருவன் செய்த தவறுக்கு எட்டுப் பேரின் புள்ளி குறைந்தால், இடைவேளையில் மற்ற ஏழு பேர் அவனை என்ன செய்வார்கள் என்பதை ஆசிரியர்கள் அறிவோம். குழு முறையின் உண்மையான ஆபத்து இதுதான். கழித்தல் இருக்கும் குழு முறையைவிடத் தண்டனை ஏடே மேல் என்பேன். இரண்டாவது, வாரக் கணக்கு வெள்ளிக்கிழமையோடு அழிய வேண்டும். ஆண்டு முழுவதும் கூட்டிக்கொண்டே போனால், தீபாவளிக்குள் கடைசி இடத்தில் இருக்கும் குழு முயற்சியை விட்டுவிடும். திங்கட்கிழமை எல்லாரும் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால், ஆண்டின் நடுவில் வேறு பள்ளியிலிருந்து சேரும் பிள்ளைக்கும் எந்தப் பின்னடைவும் இராது.

பேசித் தீர்க்கும் முறையை மதிக்கிறேன். ஆனால் அதை முதன்மை முறையாக்க எங்களால் இயலாது. ஒரு சண்டைக்கு இரு தரப்பையும் முறையாகக் கேட்டு முடிக்க ஒரு முழுப் பாடவேளை போகிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 44 பள்ளிகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், இம்முறையால் இடைநீக்கங்கள் குறைந்தன, பள்ளிச் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் கருதினார்கள்; ஆனால் ஆறு முதல் எட்டாம் வகுப்பு மாணவர்களின் தேர்ச்சி நிலை சற்றுப் பின்தங்கியது. ஆகவே அதை அடிதடி, தொடர் கேலி போன்றவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம். அதையும் உடற்கல்வி ஆசிரியர் தலையில் கட்டுவதில்லை. பெரும்பாலான பள்ளிகளில் விளையாட்டுக் கற்றுத்தர வேண்டியவரைக் காவலராக மாற்றிவிட்டோம் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

சாதி சார்ந்த வசவு, பாலியல் சீண்டல் போன்றவை இந்த ஒப்பீட்டுக்குள் வரவே கூடாது. அவற்றைப் புள்ளியாலும் சமரசத்தாலும் மூடக் கூடாது. தலைமை ஆசிரியர், பள்ளிக் கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098, தேவையானால் காவல்துறை என்பதே வழி. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவர் சக மாணவர்களால் வெட்டப்பட்டபின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கப் பரிந்துரைத்தது. அதை மனத்தில் வைத்துத்தான் எங்கள் குழுக்களுக்குக் கைப்பட்டையோ வண்ண அடையாளமோ வைக்கவில்லை. குழுப் பிரிப்பையும் மாணவர் விருப்பத்துக்கு விடாமல், வருகைப் பதிவேட்டு எண் வரிசைப்படி சுழற்சி முறையில் செய்தோம். ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே குழுவில் திரளாமல் இருப்பதற்கு அது பெரிதும் உதவியது.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளைப் பற்றி இவ்வளவு உறுதியாக என்னால் சொல்ல முடியவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கரும்பலகைக் கோட்டின் ஈர்ப்பு குறைகிறது. பொதுத்தேர்வு வேறு நெருக்குகிறது. அவர்களைக் குழுத் தலைவர்களாக்கி, கீழ் வகுப்புகளின் வாரக் கணக்கைச் சரிபார்த்து அறிவிக்கும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறோம். இதுவரை அது நன்றாகவே போகிறது. ஆனால் இன்னும் சில ஆண்டுகள் பார்த்த பிறகே தீர்மானமாகப் பேச முடியும். விடுதிப் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புகளிலும் எனக்கு அனுபவம் இல்லை. புதிதாகத் தொடங்க நினைக்கும் பள்ளி, ஜூனில் ஆறு, ஏழாம் வகுப்புகளில் மட்டும் தொடங்கி, காலாண்டுத் தேர்வுக்குப் பிறகும் அந்த ஐந்து எண்கள் வாராவாரம் தவறாமல் எழுதப்படுகின்றனவா என்று பார்த்துவிட்டு, அக்டோபரில் எட்டாம் வகுப்பைச் சேர்த்துக்கொள்ளலாம்.